இடது முன்சக்கரத்தில் ஒரு சத்தம்

ஏற்காடு,
19-2-1984, ஞாயிறு.

அன்புத் தம்பி கிறிஸ்துதாசுக்கு,

அக்கா மரியசெல்வி எழுதுவது. இங்கே காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. நம் பெண் தேவகுமாரி திருச்சி ஹாஸ்டல் சாம்பாரைக் குறை சொல்லி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அவளும் சுகமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஜபல்பூரில் குளிர் விட்டதா? பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் தோளில் இறுக்குகிறதா என்று நீ இன்னும் எழுதவில்லை.

ராணுவ வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிற உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் பழைய அம்பாசிடரில் ஒரு சத்தம் வருகிறது. பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஆரம்பித்தது. தினமும் காலையில் மச்சான் என்னையும் இன்னும் மூன்று டீச்சர்களையும் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறார் அல்லவா, அந்த வழியில்தான் முதலில் கேட்டேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இடது பக்கம், என் காலுக்கு அடியில், ‘டொக்’ என்று ஓர் அடி. முதல் வாரம் எப்போதாவது கேட்டது. இப்போது பாதி வழி அதுதான்.

மச்சானிடம் சொன்னேன். “எனக்கொண்ணும் கேக்கலியே” என்றார். மறுநாள் சாந்தி டீச்சர் பின்சீட்டிலிருந்து, “ஏனுங்கண்ணா, முன்னால என்னமோ ஒடையற மாதிரி கேக்குதுங்க” என்றாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவர் தோளைத் தொட்டுச் சொன்னதும், “ரோடு அப்படிக் கிடக்குது, வண்டி என்ன பண்ணும்?” என்றார்.

இருந்தாலும் என் தொல்லை தாங்காமல் சேலத்துக்குச் சவாரி போனபோது மெக்கானிக் செங்கோடனிடம் காட்டினார். செங்கோடன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முன்பக்கக் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்தானாம். வீட்டுக்கு வந்ததும் மச்சான், “இப்ப திருப்திதானே?” என்று கேட்டார். மறுநாள் காலை, மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் ‘டொக்’.

கிறிஸ்து, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் பெஞ்சை இழுத்தால்கூடக் காலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன். சாந்தி இனிமேல் பஸ்ஸில் போகிறேன் என்கிறாள். வாரம் மூன்று தடவையாவது இந்த வண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குகிறது. கடிதத்திலேயே இது என்னவென்று கண்டுபிடிக்க வழியிருந்தால் எழுது. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
மரியசெல்வி

* * *

ஏற்காடு,
11-3-1984, ஞாயிறு.

அன்புத் தம்பிக்கு,

உன் நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. நீ போட்டு அனுப்பிய சக்கரப் படத்தைப் பார்த்து மச்சான், “மாப்ள நல்லாத்தான் வரையறாரு” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

நீ கேட்டபடி முதலில் ஒரு வாரம் கவனித்தேன். பிரேக் போடும்போது வருகிறதா? இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது? இல்லை. பள்ளம் மேட்டில், மெதுவாகப் போகும்போது அதிகம். இதையெல்லாம் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். சாந்தி சிரித்தாள்.

அந்த வாரத்தில் வேறொன்றும் நடந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது உனக்கு விளங்கும். புதன்கிழமை விபூதித் திருநாள் பூசை முடிந்து, துணி எடுக்க நானும் சாந்தியும் சேலத்துக்கு அவரோடு போனோம். பாதி மலை இறங்கியிருப்போம். வளைவுக்குக் கீழிருந்து பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை, நீளமாக. நானும் கேட்டேன், சாந்தியும் கேட்டாள். மச்சான் நிறுத்தி வழிவிடுவார் என்று நான் சும்மா இருந்தேன். அவர் நிறுத்தவில்லை. வளைவில் பஸ்ஸின் மூக்கு எங்கள் கண்ணாடிக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது.

மச்சான் கோபமாக இறங்கி, “ஆரன் அடிக்காமயா வளைவுல ஏறுவ?” என்று கேட்டார். அந்த டிரைவர் வெங்கடாசலம் தெரிந்த மனிதர்தான். “ரெண்டு வாட்டி அடிச்சனுங்களே, லாசரண்ணா” என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நேற்று சனிக்கிழமை காலை உன் சோதனைகளை வாசலில் வைத்துச் செய்தோம். ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினார். மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். நீ எழுதியபடி நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்திருந்தேன். ஆட்டமே இல்லை. சக்கரத்தைத் தாங்கும் கிங் பின்னும் பேரிங்கும் நன்றாக இருக்கின்றன என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை.

பிறகு வண்டியை இறக்கி, நான் மட்கார்டைப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டேன். அவர் சக்கரத்துக்கு மேலே தலையை நுழைத்துக்கொண்டு காது கொடுத்தார். மூன்றாவது அமுக்கில் ‘டொக்’ என்று வந்தது பார், எதிர்வீட்டு வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்த வேலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மச்சான் உள்ளேயிருந்து, “நல்லா அமுக்கு புள்ள, ஒண்ணும் வரல” என்றார்.

நான் மறுபடி அமுக்கினேன். மறுபடி சத்தம். “அமுக்கறியா இல்லையா?” என்று கேட்டார்.

கிறிஸ்து, சத்தத்துக்கும் அவர் காதுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

ஆனாலும் உன் கடிதத்தில் அடுத்து இருந்ததை அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னேன்: ஒவ்வொரு பாகத்தின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டுமாம், அடி எங்கே விழுகிறதோ அது கையில் தெரியுமாம். அவர் கையை வைத்தார். நான் அமுக்கினேன். ஷாக் அப்சார்பருக்குக் கை போனதும் அவர் முகம் மாறியது. “அடிக்குது மரியா. கையில அடிக்குது” என்றார்.

நீ சந்தேகப்பட்டதே சரி. ஷாக் அப்சார்பரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று அறுந்து, இரண்டு தளர்ந்து கிடந்தன. செங்கோடனுக்குச் சொல்லி அனுப்பினோம். மதியமே மேலே வந்து புது போல்ட் போட்டு முறுக்கினான். இந்தப் பழைய மாடலில் சக்கரத்தை மேலே பிடித்திருப்பதும் அதே ஷாக் அப்சார்பரின் கைதானாம். இன்னும் நாலு சவாரி போயிருந்தால் சக்கரம் மடங்கியிருக்கும் என்றான். புஷ் மட்டும் மாற்றி அனுப்பியதற்காக மச்சானிடம் மன்னிப்புக் கேட்டான்.

அவன் போனபிறகு காப்பி கொடுத்துவிட்டு, “ஏனுங்க, காது...” என்று ஆரம்பித்தேன். “சத்தம் நின்னுருச்சில்ல? உட்டுரு” என்றார்.

இப்போது யோசித்தால் எல்லாம் தெரிகிறது. பேசும்போது என் வாயையே பார்க்கிறார். கோவிலில் மற்றவர்கள் எழுந்தபிறகு எழுகிறார். ரேடியோவைப் போட்டே ஆறு மாதம் இருக்கும். எஸ்டேட் லாரியில் இருபத்திரண்டு வருடம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த காது. நான் அதைக் கவனக்குறைவு என்றும் பிடிவாதம் என்றும் நினைத்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுதினால் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வரும் கடிதத்தை அவரும் படிப்பார். எனக்காக ஜெபம் செய்.

உன் அக்கா,
மரியசெல்வி

* * *

ஏற்காடு,
15-4-1984, குருத்து ஞாயிறு.

அன்புத் தம்பி கிறிஸ்துதாசுக்கு,

கோவிலிலிருந்து வந்து குருத்தோலையைப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் மழை பெய்து மலை முழுக்கக் காப்பி பூத்துவிட்டது. மச்சான் கிளியூருக்கு, பெரியநாயகம் வீட்டுக்குக் கல்யாணம் விசாரிக்கப் போயிருக்கிறார். நடந்துதான் போனார்.

வண்டியில் சத்தம் நின்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். சாந்தி பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மச்சானும் பழையபடி மீசையை முறுக்கிக்கொண்டு ஓட்டினார். எனக்கு மட்டும் முன்பைவிட மோசம். சத்தம் இருந்தபோது நாலு பேராவது பயந்தார்கள். இப்போது நான் ஒருத்திதான்.

நீ அவரிடமும் டீச்சர்களிடமும் உள்ளதைச் சொல்லிவிடு, மறைக்காதே என்று எழுதியிருந்தாய். எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வாரம் வேறொன்று செய்தேன். முன்சீட்டில் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஹாரன் கேட்கும்போதெல்லாம் அவர் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினேன். ஏன் தட்டுகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. தட்டினால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். சனிக்கிழமை சேலம் சவாரிகளுக்கும் ஏதாவது வேலை சொல்லி ஏறிக்கொண்டேன். வாரநாளில் சேலம் சவாரி வந்தால் எனக்கு இடுப்பு வலி என்று சொல்லி அவரைப் போகவிடாமல் செய்தேன். சாந்தி, “என்னக்கா, கல்யாணமான புதுசு மாதிரி ஒட்டிக்கிட்டு வரீங்க” என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். சாந்திக்கு இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கின்றன, கிறிஸ்து. அவளிடம் சொல்லாமல் அவளை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் சிரித்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

அப்புறம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எனக்குச் சேலத்தில் டூட்டி போட்டார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து பத்து நாள், முதல் பஸ்ஸில் நான் இறங்கிவிட வேண்டும். பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. முந்தின நாள் அவர் எதிரே நின்று கேட்டேன், பத்து நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க என்று. “முப்பது வருசமா ஓட்டற ரோடு. கண்ணக் கட்டிவுட்டாலும் ஓட்டுவேன்” என்றார். கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பி வருவதற்குள் நான் பானெட்டைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கும் ரோட்டார் எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி வண்டி மக்கர் பண்ணும்போது அவர் கழற்றித் தருவார், நான்தான் துடைத்துக் கொடுப்பேன். இரண்டு விரலால் பிடுங்கினால் வந்துவிடும்; அது இல்லாமல் வண்டி கிளம்பாது. பிடுங்கி, மூடியை மறுபடி மாட்டி, அதைக் கைக்குட்டையில் சுற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அவருக்குத் தெரியாமல் நான் எடுத்த பொருள் அது ஒன்றுதான்.

மறுநாள் பரீட்சை ஹாலில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் முகமே தெரியவில்லை. ரோட்டார் சேலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர் மூடியைத் திறந்த நிமிடமே புரிந்துகொள்வார். ஓர் ஆளைப் பஸ்ஸில் அனுப்பி வாங்கி மாட்ட மூன்று மணி நேரம் போதும். சாயங்காலம் வந்ததும் நேரே சாந்தி வீட்டுக்கு ஓடினேன். அவள் சொன்னாள்: காலையில் அண்ணன் இரண்டு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தாராம். பானெட்டைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தபடி நின்றாராம். பிறகு மெதுவாக மூடிவிட்டு, “வண்டி ரிப்பேருங்க. நீங்க பஸ்ல போயிருங்க டீச்சர்” என்றாராம்.

வீட்டுக்கு வந்தேன். திட்டுவார், பையைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். சோறு போடச் சொன்னார். அவ்வளவுதான். அன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. காரைத் துணியால் துடைப்பார், வந்து உட்காருவார், மறுபடி எழுந்து போய்த் துடைப்பார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வெள்ளிக்கிழமை மதியம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பஸ்ஸில் சேலம் போனார் என்று வேலம்மாள் சொன்னாள். சரி, வாங்கப் போய்விட்டார், நாளை முதல் ஓட்டப் போகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். இனி மறைக்க வழியில்லை, இன்றைக்கே சாந்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்று செருப்பைப் போட்டேன். கழற்றினேன். மறுபடி போட்டேன். அப்போது படியேறி வந்தார். கை வெறுமையாக இருந்தது.

“கடை வாசல் வரைக்கும் போனேன். கேக்கல” என்றார்.

ரோட்டார் வேண்டும் என்று கேட்கவில்லை என்று புரிந்துகொண்டேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே நின்றார். பிறகு சின்னக் குரலில் மறுபடியும், “கேக்கல, மரியா” என்றார்.

இரண்டாவது தடவை சொன்னது கடையைப் பற்றி அல்ல.

நான் பையிலிருந்து ரோட்டாரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கைக்குட்டையோடு எடுத்து என் கையிலேயே திணித்தார். “உன்கிட்டயே இருக்கட்டும். டீச்சருங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றார். நேற்றே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். சாந்தி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

வேலூரில் காதுக்கென்று நல்ல டாக்டர் இருக்கிறாராம். “நான் வரட்டுமா?” என்று கேட்டேன், துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டார். நீ வந்தால் போவார் என்று தோன்றுகிறது. “மாப்ளைக்கு லீவு எப்ப?” என்று இன்று காலை அவராகவே கேட்டார். நம் வீட்டில் எந்திரத்தைத் தொட்டுப் பிழைக்கிற மனிதர்கள் நீங்கள் இருவரும்தான். நான் கூடப் போனால் நோயாளி போலப் போவார். உன்னோடு என்றால் வண்டிக்கு ஏதோ பாகம் வாங்கப் போகிறவர் மாதிரி போய்விடுவார்.

உயிர்த்த ஆண்டவர் உனக்கு எல்லா நன்மையும் தரட்டும். மேலதிகாரியிடம் எப்படியாவது கேட்டு மே மாதத்திலாவது வந்துவிடு, சாமி. வந்து இறங்கியதும் பின்னாலிருந்து மச்சானைக் கூப்பிடாதே. எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பேசு. கத்திப் பேசாதே. நேற்று நான் அவசரத்தில் கத்திவிட்டேன், அவர் முகம் சிறுத்துப்போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

உன் அன்பு அக்கா,
மரியசெல்வி