கரண்ட் இல்லாமலும் ஓடுகிறது

கொடைக்கானல்,
டிசம்பர் 2009

ஹரி அண்ணனுக்கு, கலைமணி எழுதுவது. அண்ணியும் பிள்ளையும் சுகந்தானே? மெயில் போட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அதனால்தான் தபால்.

இங்கே மழை விட்டுப் பனி இறங்குகிறது. அத்தை சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். நானும் அப்படித்தான்.

லாரிக்காரர்களுக்காக இவர் நடத்திய மலைப்பாதை நிலவர இணையதளத்தை நீங்கள் சொன்ன இடத்துக்கே மாற்றிவிட்டேன். புரோகிராமை நாம் ஏற்றினால் போதும், மிஷினை அந்தக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்று போன வருடம் எங்கள் இருவருக்கும் காட்டினீர்களே, அதே மாதிரி. அன்றைக்கு இவர் கேட்கவில்லை. "எங்கப்பாவ சிலோன்லருந்து கப்பலேத்தி விட்டாங்க. இதாவது நம்ம கண்ணு முன்னால கெடக்கட்டும் ஹரி" என்று தளம் ஓடிக்கொண்டிருந்த கட்டில் பக்கத்துக் கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார்.

முதல் தடவை ஏறவில்லை. தகவல் சேமிக்கிற பகுதி முழுவதையும் அவர்கள் முறைக்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது. வேறு சோலி எனக்கு என்ன இருக்கிறது? எழுதினேன், ஏறிவிட்டது. ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து போய் உலை வைத்தேன்.

போன வாரம் மறுபடி கரண்ட் இல்லை. அடுக்கம் பக்கம் மண் சரிந்ததைச் செல்போனிலிருந்தே பதிந்தேன். கவுஞ்சியிலிருந்து காய்கறி ஏற்றுகிற ராமர் வீட்டுக்கு வந்தார். "வெள்ளனே செல்லுல பாத்தேங்க, பாதை அடைப்புன்னு கெடந்துச்சு. வண்டிய எடுக்கல. ஊருக்கே கரண்ட் இல்ல, இது மட்டும் எப்படிம்மா ஓடுது?" என்றார். வேறெங்கோ ஓடுகிறது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைக்கும் இதே போலக் கரண்ட் போய், பேட்டரியும் இறங்கி, தளம் நின்றது. வண்டிக்காரர்கள் பார்ப்பார்களே என்று வேறு பேட்டரி வாங்க மழையோடு பைக்கை எடுத்தார். ஏரிச் சாலையில் இவர் மேல் மரம் விழுந்துவிட்டது.

அடக்கத்தன்று நீங்கள் வாசலோடு திரும்பிவிட்டீர்கள். "நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்று ராமரிடம் அழுதீர்களாம். அண்ணா, அவர் யார் சொல்லித்தான் கேட்டார்? நான் கூடத்தான் வாசலில் நின்று போக வேண்டாம் என்றேன்.

இந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. ஆனாலும் உங்களுக்கு லீவு வருமே, அண்ணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பகலிலேயே மலையேறுங்கள். பாதை எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு உங்களுக்காகவே பார்த்துப் போட்டிருப்பேன்.

நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

தங்கை,
கலைமணி