மே மாத விடுப்பு கோரிய மனு

அப்பா, நான் உங்கள் மகன் தணிகைவேல். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்பிய மனுவைத் திரும்பப் பெறுவதற்காக இதை எழுதுகிறேன். அதைப் பெற்ற அதிகாரி எங்கிருக்கிறாரோ தெரியாது, நீங்களும் இல்லை. நடைமுறைப்படி இது செல்லாது என்பதை அறிவேன். இருப்பினும் எழுத்தில் கொடுத்ததை எழுத்தில்தான் திரும்பப் பெற வேண்டும்.

நேற்று அம்மாவைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து பேருந்தில் வந்தேன். மரக்காணத்தை நெருங்கும்போது, உப்புக் குவியல்களின் மேல் பனையோலை வேய்ந்துகொண்டிருந்தார்கள். இனிப் பாத்திகளில் மழைநீர்தான். தை பிறக்கும்வரை உப்பளத்தில் வேலையில்லை. அந்த நாட்களில், இந்த ஓலை ஏறிய பத்துப் பதினைந்து நாட்களுக்குள் நீங்கள் டிரங்குப் பெட்டியுடன் வந்து இறங்குவீர்கள்.

ஊரில் மற்றப் பட்டாளத்துக்காரர்கள் பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ வந்தார்கள். நீங்கள் மட்டும் ஐப்பசியில் வந்தீர்கள். எனக்குப் பள்ளி நடக்கும், தெருவெல்லாம் சேறு, எங்கும் போக முடியாது. நீங்களும் எங்கும் போக விரும்பியதாகத் தெரியவில்லை. காலையில் நீங்களே ரொட்டி சுடுவீர்கள். அது ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை.

“இது என்னாங்க, இந்தியா மேப்பா?” என்பார் அம்மா.

“தின்னு பாரு. காஷ்மீர்லருந்து ஆரம்பி” என்பீர்கள்.

பிறகு வெந்நீரில் அவர் கால்களை ஊறவைத்து, உப்பு அரித்த வெடிப்புகளில் வேப்பெண்ணெய் தடவுவீர்கள். ஆண்டில் ஒன்பது மாதம் உப்புநீரில் நின்ற கால்கள் அந்த மழை மாதங்களில்தான் ஆறும். இவை அனைத்தையும் நான் பார்த்தேன். ஆனால் இவற்றை ஒரு காரணமாகக் கொள்ளவில்லை. யாரும் விரும்பாத மாதங்கள் உங்கள் தலையில் கட்டப்படுகின்றன, எதிர்த்துக் கேட்கும் துணிவு உங்களுக்கில்லை என்று முடிவு செய்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மனு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்கள் பயிற்சிக்காக எழுதினார்கள். நான் உண்மையாகவே ஒன்றை எழுதி அஞ்சலில் சேர்த்தேன். ஒரு படைவீரருக்கு ஆண்டுதோறும் மழைக்காலத்திலேயே விடுப்பு அளிப்பது பாரபட்சமானது; அவருடைய மகனுக்குப் பள்ளி விடுமுறையான மே மாதத்தில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான் அதன் சாரம்.

மே மாதம் நீங்கள் வந்தீர்கள்.

“மனு நல்லாத்தான்டா எழுதியிருக்க. கமாகூட கரெக்டா இருக்குதுன்னு சி.ஓ. சாப்பே சொன்னாரு” என்றீர்கள். என்னைப் புதுச்சேரிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றீர்கள். வகுப்புத் தோழர்கள் பார்க்கும்படி உங்களோடு கடைத்தெருவில் நடந்தேன். நான் வென்ற முதல் வழக்கு அது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மே, உப்பு மும்முரமாக விளையும் மாதம். அம்மா விடியுமுன் கூடையோடு போய், உச்சி வெயிலில் திரும்பி, சாப்பிட்ட இடத்திலேயே உறங்கிப்போவார். நீங்கள் கூழ்த் தூக்கோடு உப்பள வரப்பில் போய் நிற்பீர்கள். ஒருநாள் மேஸ்திரி கேலி செய்தார்.

“என்னா மிலிட்டரி, பொண்டாட்டிக்குப் பாராவா?”

“ஆமாங்க. இந்த வருசம் போஸ்டிங் இங்கதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தலைச்சுமையை இறக்காமலே, “வெயில்ல நிக்காதீங்க, வூட்டுக்குப் போங்க” என்றார். நீங்கள் போகவில்லை.

அந்த ஆண்டுக்கான விடுப்பு அத்துடன் முடிந்தது. கார்த்திகையில் புயல் வந்தபோது நீங்கள் வடக்கே எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பள்ளிக் கட்டடத்தில் பத்திரமாக இருந்தேன். வீட்டின் வடக்கு மண்சுவர் அம்மாவின் மேல் சாய்ந்தது. இடது மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே கூடியது. அடுத்த பருவத்திலிருந்து அவர் கூடையை வலது கையால் மட்டும் பிடித்துச் சுமந்தார்.

உங்கள் கடிதம் வந்தது. அதில் எனக்கென்று ஒரே ஒரு வரி இருந்தது: “சுவர் விழுந்ததற்கு நீ காரணம் இல்லை, ஒழுங்காகப் படி.” அந்த வரி எனக்கு விளங்கவில்லை. நான் காரணம் என்று யார் சொன்னது? சுவருக்கும் எனக்கும் என்ன தொடர்பு?

விடை உங்கள் கருமாதியன்று கிடைத்தது. உங்களோடு ஒரே யூனிட்டில் லாரி ஓட்டிய கூனிமேட்டு பாய் வந்திருந்தார். தலை நடுங்குகிறது, குரல் நடுங்கவில்லை. சாப்பிட்டுக் கை துடைத்தபடி என்னை உற்றுப் பார்த்தார்.

“ஏம்பா, மனு போட்ட புள்ள நீதானே?”

“நான்தான் பாய்.”

“யா அல்லா! அன்னைக்கு உங்கப்பன் மூஞ்சியப் பாக்கணுமே. யூனிட்டே பொங்கலுக்கும் மே மாசத்துக்கும் அடிச்சிக்கும். இவன் ஒருத்தன்தான் அக்டோபர் குடு, நவம்பர் குடுன்னு நிப்பான். டேய், மழையில போயி என்னாடா பண்ணப்போறன்னு கேட்டேன். மழை வந்தாதான் என் பொண்டாட்டிக்கு லீவு, அவ லீவுல இருக்கும்போதுதான நானும் லீவுல இருக்கணும்னான்.”

“அப்ப ஏன் பாய் மே மாசம் வந்தாரு? சி.ஓ.கிட்ட விஷயத்தச் சொல்லியிருக்கலாமே?”

“நானும் அதான் சொன்னேன். புள்ள இதுவரைக்கும் எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல பாய், முதல் தடவையா கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கான், எப்பிடித் தள்றதுன்னுட்டான்.”

தண்ணீர்ச் செம்புடன் அருகில் நின்ற அம்மாவின் முகத்தில் வியப்பே இல்லை.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாம என்னா. நாந்தான் உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னேன். புள்ள மனசு ஒடிஞ்சிடும்ல?”

இருபத்தேழு ஆண்டுகளாக அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். இப்போது கண்காணிப்பாளர், பிறரின் விடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் பொறுப்பு. ‘விடுப்பு உரிமையாகக் கோரத்தக்கதன்று’ என்னும் விதியைப் பலமுறை மேற்கோள் காட்டி மறுத்திருக்கிறேன். விதி சரியானது. ஆனால், அந்த நாட்களில் வீட்டில் யார் காத்திருக்கிறார் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. நானும் தொடர்ந்து ஐந்து நாள் விடுப்பு எடுத்ததில்லை. உங்களிடமே அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள், “அப்படியா” என்றீர்கள்.

ஓய்வுபெற்று வந்ததும் முதல் வேலையாக வடக்குச் சுவரைச் செங்கல்லில் கட்டினீர்கள். அம்மா கூடையை இறக்கிவைத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும், மழை மாதங்களில் நீங்கள் ஊரைவிட்டு நகர்ந்ததில்லை; உறவில் திருமணம் என்றாலும் என்னைத்தான் அனுப்புவீர்கள். காற்று எழுந்தால் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சுவரைப் பார்ப்பார். உடனே நீங்கள் நாற்காலியை அதன் ஓரமாக இழுத்துப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துச் செய்தித்தாள் படிப்பீர்கள். சுவர் கெட்டியானது என்று வாயால் சொன்னதில்லை.

வருகிற ஐப்பசி, நீங்கள் இல்லாத முதல் ஐப்பசி. திண்டிவனத்துக்கு வந்து எங்களோடு இருக்குமாறு நேற்றும் அம்மாவை அழைத்தேன்.

“மழ வரும், போவும். அதுக்குன்னு வூட்டப் பூட்டிக்கினு வரணுமா?” என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வடக்குப் பக்கம் பார்த்தார்.

எனவே தெரிவித்துக்கொள்வது யாதெனில், மே மாத விடுப்பு கோரிய என் மனுவை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். ஐப்பசி முதல் நாள் தொடங்கி நாற்பத்தைந்து நாள் ஈட்டிய விடுப்புக்கு இன்று விண்ணப்பித்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘மழை’ என்று எழுதினேன். பிரிவு எழுத்தர் தயங்கி, “சார், மெடிக்கல்னு போட்டீங்கன்னா உடனே சாங்ஷன் ஆயிடும்” என்றார். பொய்க் காரணம் எழுதுவதில்லை என்றேன். மறுக்கப்பட்டால், ஊதியமில்லா விடுப்பு கேட்பேன். அதுவும் மறுக்கப்பட்டால், என் பணிக்காலத்தில் முதன்முறையாக, அனுமதியின்றிப் போவேன். எந்த ஆணை வந்தாலும், முதல் காற்று எழும்போது அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நான் உட்கார்ந்திருப்பேன்.