பரோட்டா மேல் விழுந்த பழி

அப்பா,

தென்காசியில் மருத்துவரைப் பார்த்துவிட்டு இன்று பேருந்துக்காக நின்றோம். பக்கத்துக் கடையிலிருந்து பரோட்டாக் கல்லின் வாசம் வந்தது. அம்மா வழக்கம்போல முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளவில்லை. அதை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சீசனில் குற்றாலத்துக்கு ஆட்டோ ஓட்டிவிட்டுச் சாரலில் நனைந்தபடி வருவீர்கள். சட்டைக்குள் வைத்திருக்கும் வாழையிலைப் பொட்டலம் மட்டும் நனையாமல் சூடாக இருக்கும். "ஏட்டி, சால்னா ஆறிரும், வா" என்று கூப்பிடுவீர்கள்.

"வயித்துக்குள்ள பரோட்டாக் கடையா வச்சிருக்கிய?" என்பாள் அம்மா.

"டெஸ்ட் எடுத்தாச்சு, எனக்குக் கொழுப்பு நார்மல். உனக்குத்தான் வாயெல்லாம் கொழுப்பு."

ஒருநாள் காலையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பிறகு எழவில்லை. உங்கள் தங்கை, என் அத்தை, கூடியிருந்த எல்லோர் முன்னாலும் கத்தினாள்: "எண்ணெயா ஊத்திப் பொங்கிப்போட்டு, கண்டதையும் தின்ன விட்டு எங்கண்ணனக் கொன்னுட்டாளே!" அன்றிலிருந்து அத்தை நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. நம் வீட்டுச் சட்டியும் எண்ணெயைக் கண்டதில்லை. நான் படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடைக்குப் போகிறேன்.

இவ்வளவு சின்ன வயதில் நீங்கள் போனதால், எனக்கும் அம்மாவுக்கும் ஒரு பரிசோதனை எடுக்கச் சொன்னார் மருத்துவர். எல்.பி.ஏ. என்று பெயர். கொழுப்பைச் சுமந்து இரத்தத்தில் ஓடும் ஒரு துகளாம். வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இதைத் தனியாகப் பார்ப்பதில்லையாம். இரத்தம் கொடுக்கும் முன் அம்மா என்னைப் பத்தியத்தில் வைத்தாள். வாரக்கணக்கில் கஞ்சியும் புடலங்காயும்தான்.

இன்று மருத்துவர், "பிள்ளைக்கு அதிகமா இருக்கு" என்றார்.

அம்மா அழுதாள். "எண்ணெயே காட்டலியே டாக்டர்! கஞ்சிதான குடுத்தேன்!"

"கஞ்சி குடிச்சாலும் பரோட்டா தின்னாலும் இது பெருசா மாறாதும்மா. இத உண்டாக்குற மரபணு ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். சிலருக்கு ஈரல் இதக் கூடுதலா உண்டாக்கும். உங்களுக்குக் குறைவாத்தான் இருக்கு. அப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கணும். பயப்படாதீங்க, மத்ததையெல்லாம் கட்டுக்குள்ள வச்சுக்கிடலாம். அவர்கூடப் பொறந்தவங்களும் பாக்கணும்."

புது ஆட்களிடம் நான் பேச மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். "வாயத் தொறந்தா முத்தா உதிந்திரும்?" என்று கேலி செய்வீர்களே. இன்று கேட்டுவிட்டேன். "அப்ப, அம்மா சமையலால இல்லைல்லா?"

"சமையல் மேல பழி போட முடியாதும்மா" என்றார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக அத்தையிடம் போனேன். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள். "அத்தே, இது அப்பா ரத்தத்துல இருந்திருக்கு. எனக்கும் இருக்கு. ஒங்களுக்கும் இருக்கலாம். டெஸ்ட் எடுத்துருங்க."

அத்தை எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு நம் வீடு வரை நடந்து வந்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் காப்பி தாங்க மைனி" என்றாள்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அப்பா. ஆனால் அம்மா இத்தனை நாள் சுமந்ததைவிட, நீங்கள் தந்த இதைச் சுமப்பது எனக்கு லேசாகத்தான் இருக்கிறது.