இரண்டு பைட் பின்னால்

ஜூன் 9, திங்கள்
தூறல். ஈஜிபுரா சிக்னல் நெரிசலில் மிச்சமிருந்த முடியும் நரைத்தது. மேனேஜர் நாகராஜ் உத்தரவு: புரோகிராம்களில் பிழை தேட நாங்கள் விற்கும் டீபக்கரில் குப்பை அள்ளு, வேண்டாத வரிகளைத் தூக்கு. பி.சி.யை, அதாவது அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் முகவரியை, மாற்றும் இடத்தில் ஓர் அநாதை வரி. பிராசசரின் குட்டி நினைவறையான ஏதோ ரெஜிஸ்டரில் மைனஸ் ஒன்று போடுகிறது. விளக்கம் இல்லை. முழியே சரியில்லை. தூக்கிவிட்டேன். சுத்தம்.

ஜூன் 10, செவ்வாய்
மதியம் ஆறிய பிசிபேளேபாத். டீபக்கர் படுத்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தி, பி.சி.யை வேறு ஃபங்க்‌ஷனுக்குத் திருப்பினால் ஒழுங்காகப் போகிறது. கீ அழுத்தலுக்காக, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் காத்திருக்கும்போது திருப்பினால் செத்து விழுகிறது. வெள்ளிக்கிழமை கஸ்டமருக்குக் காட்டப்போவது அதைத்தான். சொதப்பினால் டீம் கலைப்பு. இந்தத் தொப்பையை எவன் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவான்?
பக்கத்து சீட் கிரிஜா, ஓசூர்க்காரி, நேற்று அதே பகுதியில் கை வைத்திருக்கிறாள். நான் பேன்ட்ரிக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தினாள். ம்ம்.

ஜூன் 11, புதன்
வெயில். நாகராஜ் காதில் போட்டுவைத்தேன். புகார் அல்ல, கவலை.
"ஏன் சாமி, கிரிஜா கெடுத்துட்டாங்கறியா?"
"சேச்சே, நான் சொல்வேனா சார்? அவ மாத்தினதுக்கு அப்புறந்தான்..."
"பிடப்பா, விட்டுத் தள்ளு. நாளைக்கு அவளையே கேக்கறேன்."
இரவு தோசை. நாளை மின்கட்டணம்.

ஜூன் 12, வியாழன்
கண்டுபிடித்தேன். பி.சி. நான் எழுதிய இடத்தில் இல்லை. எப்போதும் இரண்டு பைட் பின்னால். இழுப்பது கிரிஜா இல்லை, கர்னல்! புரோகிராம் கர்னலுக்கு விடுத்துக் காத்திருந்த அழைப்பு நடுவில் கலைந்தால், அதைத் திரும்ப நடத்த பி.சி.யை இரண்டு பைட் பின்னுக்குத் தள்ளுமாம். அழைப்புக் கட்டளையின் நீளம் அவ்வளவு. இடையில் நான் பி.சி.யை வேறு ஊருக்கு அனுப்பியது அதற்குத் தெரியாது. அங்கேயும் போய்த் தள்ளுகிறது. எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி மாதிரி, நல்ல எண்ணத்தில் நாசம்.
தடுக்க வழி: அழைப்பு எண் இருக்கும் ரெஜிஸ்டரில் 'இங்கே அழைப்பே இல்லை' என்று எழுதிவைக்க வேண்டும். அதாவது மைனஸ் ஒன்று.
மைனஸ் ஒன்று.
நைசாகத் திரும்ப வைக்கலாம் என்று கீபோர்டைத் தொட்டேன். பின்னால் நாகராஜும் கிரிஜாவும். கிரிஜா திரையில் விரல் வைத்தாள்.
"இங்க நான் ஒரு மைனஸ் ஒண்ணு போட்டிருந்தேனே, காணோம்? திங்கக்கிழமை குப்பை அள்ளினது யாரு சார்?"
நாகராஜ் மெதுவாக என்னைப் பார்த்தார்.
டீ என்று முனகிவிட்டு நழுவினேன். இதை எழுதுவது பேன்ட்ரியில். நான் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வெளியே கிரிஜா குரல்: "ரகு சார், கொஞ்சம் வர்றீங்களா?" மரியாதை வழக்கத்தைவிடக் கூடுதல். சந்தேகமாக இருக்கிறது.