குளிர்பதனத்தைக் குளிர்பானமாக்கிய சான்றிதழ்

அனுப்புநர்:
ரா. வேல்விழி (வயது 18),
த/பெ. ராக்கையா,
அருள்புரம், திருப்பூர்.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
சான்றிதழ்ப் பிரிவு,
தொழில்திறன் பயிற்சி அலுவலகம், திருப்பூர்.

பொருள்: ஏசி மெக்கானிக்கான என்னைக் கலர் சோடா விற்பவளாக்கிய அச்சுப்பிழை – திங்கட்கிழமைக்குள் திருத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தனியார் பயிற்சி மையம் ஒன்றில் ஏசி, பிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழிலை ஓராண்டு படித்துத் தேறினேன். சென்ற வாரம் சான்றிதழ் கைக்கு வந்தது. அதில் ‘குளிர்பதனத் தொழில்நுட்பர்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘குளிர்பானத் தொழில்நுட்பர்’ என்றிருக்கிறது. ‘த’வைத் தூக்கிவிட்டுத் துணைக்கால் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். துணைக்கு வந்த அந்தக் கால்தான் என் காலை வாரிவிட்டது.

2. எங்கள் பகுதி பனியன் கம்பெனி ஒன்றில் ஏசி பராமரிப்பு வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியை ஆடிட் செய்ய வரும்போது சான்றிதழ் பெற்ற ஆள் இருந்தாக வேண்டுமாம். மேலாளர் திரு. மருதாசலம் என் சான்றிதழை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். “ஏன் கண்ணு, ஏசிக்கு கேஸ் போடற ஆளைக் கேட்டா, சோடாவுக்கு கேஸ் போடற ஆளை அனுப்பியிருக்காங்களே!” என்றார். திங்கட்கிழமைக்குள் சரியான சான்றிதழ் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்றும் சொன்னார். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

3. பயிற்சி மையத்துக்கு ஓடினேன். அலுவலகப் பொறுப்பாளர் திருமதி நிர்மலா, “உன்ற சேட்டைய எங்கிட்டயே காட்டறயா? நீயே திருத்திக் கொண்டாந்துட்டு!” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஏசி போட்ட வகுப்பறைக் கதவில் ‘ஊட்டி – வழி மேட்டுப்பாளையம்’ என்று பஸ் பலகை மாட்டியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் என் பிழைப்பிலேயே கைவைக்கும் அளவுக்கு எனக்குக் குறும்பு முற்றவில்லை.

4. இதற்குச் சாட்சி உண்டு. உடன் படித்த ராபினின் சான்றிதழிலும் இதே பிழைதான். அவர்கள் வீட்டில் ஜூஸ் கடை வைத்திருப்பதால், பிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார்கள். வியாபாரம் நன்றாக நடக்கிறது. தாங்கள் நேரில் பார்வையிடலாம். சர்பத் நன்றாக இருக்கும்.

5. என் அம்மா கருத்தம்மா பத்து மணி நேரம் நின்றபடி பனியன் செக்கிங் செய்பவர். “கலரு ஊத்தவாடி ஒன்னையப் படிக்க வச்சேன்?” என்று ஒரு முறைதான் கேட்டார். மறுநாளே தன் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டார். அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால், ஐயா, செத்துக் கிடந்த கம்ப்ரசர் என் கை பட்டு உறுமத் தொடங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாததால் தங்களிடம் சொல்கிறேன்.

6. ஆகவே, மையத்தின் பதிவேட்டோடு சரிபார்த்து, அந்தக் காலை எடுத்துவிட்டு, எனக்குரிய ‘த’வைத் திங்கட்கிழமைக்குள் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

7. இந்த மனுவைத் தங்கள் அலுவலகக் கூடத்தில் அமர்ந்துதான் எழுதுகிறேன். தலைக்கு மேலுள்ள ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது; வடிகால் குழாயில் அடைப்பு. கை துறுதுறுக்கிறது. ஆனால் இன்றைய சான்றிதழ்ப்படி அதைத் தொட எனக்கு உரிமையில்லை என்பதால், வாளியை மட்டும் சரியான இடத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.

இடம்: திருப்பூர்
நாள்: 12.06.2025

இப்படிக்கு,
குளிர்பதனம் மட்டுமே கற்ற,
ரா. வேல்விழி