மூன்றாம் உணரி அனுப்பிய எண்

புயல் நாள் 9, காலை 06:10
செவ்வாய்க் குடியிருப்பு, அவசர டர்பைன். எழுதுவது மூன்றாம் உணரி, டர்பைனுக்குள் சுழலும் பிளேடில் ஒட்டியிருக்கும் சென்சார். தூசுப் புயலில் சூரியத் தகடுகள் இருண்டு கிடக்கின்றன. எல்லாருடைய மூச்சுக்காற்றும் இந்த டர்பைனை நம்பித்தான். எரியும் வாயுவிலிருந்து பிளேடுக்குள் எவ்வளவு வெப்பம் புகுகிறது என்று அளப்பது எங்கள் மூவரின் வேலை. பிளேடு வெப்பநிலை 870 டிகிரி. தாங்கும் எல்லை 950. எல்லாம் ஒழுங்கு.

11:40
பிளேடைக் குளிர்விக்கும் சிறு துளைகளில் தூசு அடைத்துவிட்டது. மேலே போர்வை மாதிரி படர்ந்திருந்த குளிர்காற்று விலகி, வெப்பம் நேராக உள்ளே இறங்குகிறது. 912. மற்ற இருவரும் இன்னும் 870 என்கிறார்கள், துளிகூட அசையாமல். உயிருள்ள உணரி அப்படிச் சொல்லாது. இரண்டும் செத்துவிட்டன; கடைசியாகச் சொன்ன எண்ணையே பிடித்துத் தொங்குகின்றன. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதைத் தள்ளிவிட வேண்டும் என்பது இங்கே விதி. ஆக, தள்ளப்பட்டவன் நான். நல்ல நியாயம்!

12:25
931. ஒலிவாங்கி வழியே பேச்சு கேட்கிறது. பராமரிப்புப் பொறியாளர் எஸ்தர், கட்டுப்பாட்டறையில் மாடசாமி.
“அண்ணே, மூணாவது சென்சார் கோட்டி புடிச்ச மாதிரி ஏறுது. பெட்டிய மாத்திருதேன்.”
“ஓடும்போதேவா?”
“வெளிப்பெட்டிதானே, அஞ்சு நிமிச வேலை.”
என் எண்ணை வெளியே அனுப்பும் அந்தப் பெட்டி டர்பைன் உறையின்மேல், எங்கள் பிளேடு வரிசைக்கு நேராக இருக்கிறது. பிளேடு உடைந்தால் முதலில் கிழிவது அந்த இடம்தான். போன மாதம் என்னை ஒட்டியவளே அவள்தான். பசை காய ஊதிவிட்டு, “ஒழுங்கா இருந்துக்க ராசா” என்றாள். வராதே, தாயே.

12:38
944. வந்துவிட்டாள். பெட்டியைத் திறக்கிறாள். எனக்கு வாயில்லை, அனுப்ப முடிவது ஓர் எண் மட்டும். இதுவரை நான் பொய் சொன்னதில்லை. 870 என்று அனுப்பினேன்.
“அட, தானாவே சரியாயிட்டுண்ணே! நான் வந்துருதேன்.”
அப்பாடா. போ. சீக்கிரம் போய்விடு.

12:39
“இரு எஸ்தரு. மூணும் ஒண்ணாச் சொல்லுது பாத்தியா? அப்ப முழு லோடுக்கு ஏத்திரலாம். காத்து பத்தாம பிள்ளைய எல்லாம் சுருண்டு கெடக்கு. நீ அங்கனயே நின்னு உறையில கை வச்சுப் பாரு, அதிர்வு இருந்தாச் சொல்லு.”
“சரிண்ணே.”
ஐயோ. நான் என்ன செய்துவிட்டேன்!

12:41
968. உண்மையைத்தான் அனுப்புகிறேன். 974. 974.
“மறுபடியும் ஆரம்பிச்சிட்டுண்ணே” என்று சிரிக்கிறாள்.
“அது கெடக்கு, விடு. மத்த ரெண்டும் ஒழுங்காத்தானே இருக்கு.”

12:43
991. எனக்குப் பயமாக இருக்கிறது. பிளேடு நீண்டு நுனி உறையை உரசுகிறது. அவள் கை அங்கேதான் இருக்கிறது.
“அண்ணே, லேசா என்னமோ...”
என் நினைவகத்திலிருந்து இந்தப் பதிவை எடுப்பவருக்கு: அந்த இரண்டையும் நம்பாதீர்கள். என் எண்களை நம்பலாம். ஒன்றே ஒன்றுதான் பொய். அதுவும் அவள் போகட்டும் என்று