வெளுத்த பூவுக்கு அன்னபேதி

அக்கா,

இன்று காலை அரியலூர் உரக்கடையில் அன்னபேதி வாங்கினேன். இந்தச் சுண்ணாம்பு மண்ணில் கடலை வெளுத்தால் எல்லோரும் வாங்குவதுதான். இரும்புச் சத்து, கரைத்து அடித்தால் இலை மறுபடி பச்சைக்கு வந்துவிடும். கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது அந்தத் துரு வாடை மூக்கில் ஏறியது. உன் வீட்டுக்காரர் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஏற்காட்டு நர்சரியில் நீ வாங்கிவந்த ஸ்லிப்பர் ஆர்க்கிட்டைச் சொல்கிறேன். நீ வாழ்க்கைப்பட்ட குன்னத்து வெயிலில் பிழைக்காது என்று எல்லோரும் சிரித்தோம். நீ தண்ணீர்த் தொட்டி ஓரத்து நிழலில் வைத்து, ஈரச் சாக்கு சுற்றி, பூக்கவே வைத்துவிட்டாய். உடனே எனக்கு வீடியோ கால். செருப்பின் முன்பக்கம்போலக் குழிந்த அந்த இதழ் கருஞ்சிவப்பாக இருக்கும் என்றுதான் நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். உன்னுடையது வெளிர்பச்சையும் வெள்ளையுமாக நின்றது.

"இதென்னக்கா, சீக்கு வந்த மாதிரி இருக்கு?" என்றேன்.

"போடி இவளே. நர்சரிக்காரருக்கு போட்டோ அனுப்பிக் கேட்டுட்டேன். செவப்பே ஊறாத பொறவியாம், அபூர்வமாத்தான் கெடைக்குமாம். மத்த செடிக்கு இலை அடியில ஊதாப் புள்ளி இருக்கும், இதுக்கு இல்ல பாரு. இதுக்கு ஒரு கொறையும் இல்ல."

அந்த வருடம் நீயும் வெளுத்துக்கொண்டிருந்தாய். மாதாமாதம் ரத்தம் அடங்காமல் போனதை யாரிடமும் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது என்று மட்டும் உன் வீட்டுக்காரரிடம் சொன்னாய். வெயில் என்று விட்டுவிட்டார். "வந்தப்ப கருப்பா இருந்தா, எங்க வூட்டுத் தண்ணி, இப்ப என்னா கலரு பாரு" என்று உன் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார்.

நீ விக்கிரமங்கலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம், உன் வீட்டுக்காரர் அந்தச் செடிக்கு அன்னபேதி அடித்துவிட்டார். நாம் போய்ப் பார்த்தபோது இலைகள் கருகிக் கிடந்தன. "வெளுத்துக் கெடந்துச்சு. கடலைக்கு அடிச்சா சரியாவுதுல்ல, அதான் அடிச்சு வுட்டேன்" என்றார், ஏதோ உபகாரம் செய்தவர்போல. நீ சண்டை போடவில்லை. "செடி வெளுத்ததாவது ஒங்க கண்ணுல பட்டுச்சே" என்று மட்டும் சொன்னாய். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

மக்காச்சோளக் கொல்லையில் நீ விழுந்த அன்று பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கத்தினார். "ஒடம்புல ரத்தமே இல்லியே, வீட்ல யாருக்கும் கண்ணு இல்லியா?" ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். உன் இதயம் தாங்கவில்லை, போய்விட்டாய். குறையே இல்லாத பூவுக்கு இரும்பைக் கரைத்து ஊற்றிய மனிதருக்கு, உனக்கு ஒரு சத்து மாத்திரை வாங்கித் தரத் தோன்றவில்லை. இதை நான் மன்னிக்கப் போவதில்லை, அக்கா.

அவர் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டார். அந்தப் பெண்ணோடு பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். போன மாதம் ஒரு காதுகுத்துப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வந்த கொஞ்ச நாள்லயே கலரு ஏறிட்டா" என்று உன் மாமியார் எதிர்வரிசையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவிவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே துளி சிவப்பு இல்லை.

"எந்திரிம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"அவரு கேப்பாருக்கா" என்றாள் பயந்துபோய்.

"அவரு எதையும் கேக்க மாட்டாரு. நீ வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.